வன்னியிலிருந்து மருத்துவபீடத்துக்குப் போகிறவர்களுக்கு: முதல் வருடத்தை எப்படிப் படிப்பது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து ஒவ்வொரு பச்சிலும் (வருடத் தொகுதியிலும்) கொஞ்சப் பிள்ளைகள் மருத்துவபீடம் போகிறார்கள். சிலருக்கு யாழ்ப்பாணம், சிலருக்கு மட்டக்களப்பு, சிலருக்குத் தெற்கில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம். எங்கே போனாலும் முதல் மாதத்துக்குள் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இவ்வளவும் எங்க இருந்து தொடங்கிறது?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி இப்போது ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விசயம். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி 40 சதவீதம் அகில இலங்கை மெரிட்டிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்படுகிறது. வன்னியின் நாலு மாவட்டமும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. அதனால் "நான் கோட்டாவில் வந்தனான், எனக்கு ஏலாது" என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகள் பலருக்குள் கிடக்கிறது. உயர்தரப் (ஏஎல்) பரீட்சையின் இசட் ஸ்கோர் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனபிறகு எல்லாருக்கும் புதிய பாடம், எல்லாருக்கும் அதே தலையிடி. ஆய்வுகூடத்துக்கு ஒழுங்கான சாமான் இல்லாத பள்ளிக்கூடத்தில் இருந்து மூன்று பாடமும் சித்தியடைந்து வந்த பிள்ளைக்குத் தானே தேடிப் படிக்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பழக்கம்தான் இங்கே தேவை.

நேரசூசியில் அனற்றமி (உடலமைப்பு), பிசியோலொஜி (உடற்றொழில்), பயோகெமிஸ்ற்றி (உயிர் இரசாயனம்) என்று மூன்று பாடம் இருக்கும். மூன்றுக்கும் வேறு வேறு விரிவுரையாளர், வேறு வேறு கட்டிடம், வேறு வேறு பரீட்சை. அப்படியே மூன்று குவியலாகப் படித்தால் இரண்டாம் எம்பிபிஎஸ் பரீட்சை முடிந்த கையோடு பாதி மறந்துபோகும். உங்கள் ஊரில் நீங்கள் கண்ணால் கண்ட நோயோடும் காயத்தோடும் கட்டிப் படித்தால் நிற்கும். வன்னிப் பிள்ளைக்கு அந்த வகையில் குறைவே இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

முதல் படி: திசைச் சொற்கள்

இது ஒரு பின்னேர வேலை, ஆனால் பின்போடக் கூடாது. உடம்பு நிமிர்ந்து நிற்கிறது, முகம் முன்னுக்கு, உள்ளங்கை முன்னுக்கு. படுத்திருந்தாலும் சரி, வெட்டுமேசையில் (இறந்த உடலை வெட்டிப் படிக்கிற மேசையில்) கவிழ்ந்து கிடந்தாலும் சரி, எல்லா விவரிப்பும் இந்த நிலையை வைத்துத்தான். நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பது மீடியல், தள்ளி இருப்பது லற்றரல். கை காலில் உடலோடு ஒட்டிய பக்கம் புறொக்சிமல், நுனிப் பக்கம் டிஸ்ரல். இடம் வலம் எப்போதும் நோயாளியின் இடம் வலம்தான், பார்க்கிற உங்களுடையது அல்ல. இதை வாயால் சொல்லிப் பழகுங்கள். "சுண்டு விரல் பெருவிரலுக்கு மீடியல்" என்பது யோசிக்காமல் வாயில் வரும் வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

இரண்டாம் படி: எலும்பு, பிறகு சொந்த உடம்பு

வளர்ந்தவரின் உடம்பில் 206 எலும்பு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வெளிக்கிட வேண்டாம், பீடம் எந்தப் பகுதியில் தொடங்குகிறதோ அந்தப் பகுதி எலும்பு மட்டும். எலும்பைக் கையில் எடுத்து, இது இடமா வலமா என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்லத் தெரிந்தால் முன்பக்கம், பின்பக்கம், மேல்முனை எல்லாம் தானாகத் தெளிகிறது. படத்தில் மட்டும் பார்த்த எலும்பு ஸ்பொட் பரீட்சையில் (மேசையில் வைத்ததைப் பார்த்துப் பெயர் சொல்லுகிற பரீட்சை) திருப்பி வைக்கப்பட்டிருந்தால் ஆளை ஏமாற்றிவிடும்.

எலும்பு தெரிந்தவுடன் உங்கள் உடம்பிலேயே அதைத் தடவிப் பாருங்கள். இப்போதே செய்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். கழுத்தடியில், இரண்டு காறை எலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விரலை வையுங்கள். நெஞ்சு எலும்பின் மேலாக மெதுவாகக் கீழே இழுத்து வாருங்கள். ஐந்து சென்ரிமீற்றர் அளவில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் ஸ்ரேணல் அங்கிள். அந்த மேட்டுக்கு நேர் பக்கத்தில் ஒட்டுவது இரண்டாவது விலா எலும்பு. விலா எலும்பை எண்ணுகிற எவரும் இங்கேயிருந்துதான் எண்ணுகிறார்கள், ஏனென்றால் முதலாவது காறை எலும்புக்குக் கீழே ஒளிந்து கிடக்கும், கைக்கு ஒழுங்காக அகப்படாது. அங்கேயிருந்து கீழே எண்ணி, ஐந்தாவது விலா எலும்புக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு வந்து, இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழாகக் கோடு இழுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் இதயம் இடிப்பது தெரியும். அதே ஸ்ரேணல் அங்கிளுக்குப் பின்னால், முதுகில் நாலாவது ஐந்தாவது தொறாசிக் (நெஞ்சுப் பகுதி) முள்ளெலும்புக்கு நடுவான மட்டத்தில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, பெருநாடியின் வில் தொடங்கி முடிகிறது. ஒரு மேட்டைத் தொட்டு இவ்வளவும் சொல்லலாம். அனற்றமியை இப்படித் தொட்டுத் தொட்டுப் படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: நரம்பு

மனம் கொஞ்சம் கனக்கிற பகுதி, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வன்னியில் செல் (எறிகணை) துண்டுக் காயம் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காயங்களுக்கு ஏன் அப்படி ஒரு விளைவு வந்தது என்று விளங்கிக்கொள்வது உங்களுக்கு வெறும் பாடம் அல்ல, ஊருக்கான கடமையும்கூட.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு உருண்டை தட்டுப்படும், அது பிபியுலா எலும்பின் தலை. அதற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிகக் கிட்டவாகக் கொமன் பெரோனியல் நரம்பு போகிறது. அந்த இடத்தில் துண்டு பட்டாலோ எலும்பு முறிந்தாலோ பாதத்தை மேலே தூக்குகிற தசைகள் செயலிழக்கும், பாதத்தின் மேற்பக்கத்தில் உணர்ச்சி குறையும். நடக்கும்போது பாதம் தொங்குவதால் காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். ஊரில் அப்படி நடக்கிற ஒருவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதேபோல் மேற்கையின் நடுவில் கியூமரஸ் எலும்பின் பின்பக்கத்தை ஒட்டி றேடியல் நரம்பு ஓடுகிறது, அங்கே அடிபட்டால் மணிக்கட்டு தொங்கும். முழங்கையின் உட்பக்க முனைக்குப் பின்னால் அல்னர் நரம்பு, அங்கே சேதமானால் மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து நிற்கும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களையும் எங்களுக்குத் தெரியும். தோலில் உணர்ச்சி எந்த மட்டத்தோடு நிற்கிறது என்று பார்த்தால் முண்ணாணில் (முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டில்) எந்த மட்டம் சேதப்பட்டது என்று சொல்லலாம். முலைக்காம்பு மட்டம் ரி4 (நாலாவது தொறாசிக்), தொப்புள் மட்டம் ரி10. இந்த இரண்டையும் முதலில் பிடித்துக்கொண்டு மற்றவற்றை இடையில் நிரப்புங்கள். வளர்ந்தவரில் முண்ணாண் முதலாம் இரண்டாம் லம்பர் (இடுப்புப் பகுதி) முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும், அதனால்தான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறவர்கள் அதற்குக் கீழே, மூன்றாவது நாலாவதுக்கு இடையிலோ நாலாவது ஐந்தாவதுக்கு இடையிலோ குத்துகிறார்கள்.

சொந்தக்காரராக இருந்தாலும், காயத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு, அவர்கள் ஓம் என்றால் மட்டும் பாருங்கள். எப்படிப் பட்டது என்ற கதையை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

வெட்டுமேசையும் அப்படித்தான். அங்கே கிடக்கிறவர் தன் உடம்பைப் படிப்புக்குக் கொடுத்த ஒரு மனிதர். உடம்பு பழுதாகாமல் வைக்கிற போமலின் முதல் நாளில் கண்ணை எரிக்கும், சிலருக்குத் தலை சுற்றும், அது வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். அன்றைக்குப் பார்க்கப் போகிற பகுதியை முதல் நாளே வாசித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் எல்லாமே ஒரே நிறத்தில் நூலும் தோலுமாகத்தான் தெரியும்.

நாலாம் படி: பிசியோலொஜிக்கு ஒரு கொஞ்ச எண்கள்

பிசியோலொஜியில் மனப்பாடம் குறைவு, விளக்கம் கூட. ஆனால் சில எண்கள் இல்லாமல் விளக்கம் நகராது. 70 கிலோ ஆளில் 60 சதவீதம் தண்ணீர், அதாவது 42 லீற்றர். அதில் 28 லீற்றர் கலங்களுக்கு உள்ளே, 14 லீற்றர் வெளியே. குருதியில் சோடியம் லீற்றருக்கு 135 இலிருந்து 145 மில்லிமோல், பொற்றாசியம் 3.5 இலிருந்து 5. கலத்துக்கு உள்ளே இது தலைகீழ், பொற்றாசியம்தான் கூட. இதயம் ஒரு இடிப்பில் 70 மில்லிலீற்றர் அளவு தள்ளும், நிமிடத்துக்கு 70 தரம் இடிக்கும், பெருக்கினால் கிட்டத்தட்ட 5 லீற்றர். இவ்வளவையும் படுக்கைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

மற்றெல்லாம் இரண்டே கேள்விதான். எது எங்கே கூட இருக்கிறது, அது குறைந்த பக்கம் போவதை எது தடுக்கிறது அல்லது எது உதவுகிறது? இதைக் கேட்டுக்கொண்டே போனால் நரம்புக் கணத்தாக்கமும் (நரம்பில் ஓடுகிற மின் செய்தி) விளங்கும், நுரையீரலில் வாயுப் பரிமாற்றமும் விளங்கும், சிறுநீரகமும் விளங்கும்.

ஜீவனிப் பைக்கற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டம் என்றால் அம்மா உடனே கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தருவது. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் ஏற்றுக்கொண்ட கலவைப்படி ஒரு லீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசு 75 மில்லிமோல். இந்தக் குளுக்கோசு சத்துக்காகப் போட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பது. சிறுகுடல் கலத்தின் சவ்வில் எஸ்ஜிஎல்ரி1 என்று ஒரு காவிப் புரதம் இருக்கிறது, அது ஒரு குளுக்கோசையும் இரண்டு சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். சோடியம் போனால் தண்ணீர் பின்னால் போகும். கொலராவில் குடல் கலத்துக்குள் சைக்கிளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு கூடி, குளோரைட்டும் தண்ணீரும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் இந்தக் காவி பழுதாவதில்லை. அதனால்தான் அவ்வளவு மோசமான வயிற்றோட்டத்திலும் வாயால் கொடுத்து ஆளைக் காப்பாற்றலாம். மருந்துக்கடையில் மலிவாக வாங்குகிற ஒரு பைக்கற்றில் சவ்வுக் கடத்துகை, பிரசாரணம் (ஒஸ்மோசிஸ்), நொதியம் (என்சைம்), அமிலகாரச் சமநிலை என்று நாலு விரிவுரை இருக்கிறது. தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக் கரைத்தால் ஏன் பிழை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒரு இடத்தை ஆழமாகப் படியுங்கள்

முதல் வருடத்தில் ஏதாவது ஒரு இடத்தை அடிமுடி தெரியும் வரை படிக்க வேண்டும் என்றால் நான் நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தைத்தான் சொல்வேன். வன்னியில் உயிரைக் கொல்கிற மூன்று விசயம் அந்த ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறது.

முதலில் சாதாரணமாக நடப்பது. கணத்தாக்கம் நரம்பு முனைக்கு வருகிறது, கல்சியம் உள்ளே போகிறது, அசற்றைல்கோலின் என்ற தூதுப் பொருள் நிரம்பிய சிறு பைகள் உடைந்து திறக்கின்றன, அது இடைவெளியைக் கடந்து தசைப் பக்கத்து வாங்கிகளில் ஒட்டுகிறது, சோடியம் உள்ளே போய்த் தசை சுருங்குகிறது. பிறகு கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியம் அசற்றைல்கோலினை வெட்டிவிடும், இடம் துப்புரவாகும், அடுத்த கட்டளைக்குத் தயார். இதைப் பார்க்காமல் வரையப் பழகுங்கள்.

இப்போது நாகபாம்பு. அதன் நஞ்சு தசைப் பக்கத்து வாங்கியில் போய்க் குந்திக்கொள்ளும். அசற்றைல்கோலின் வருகிறது, ஆனால் ஒட்ட இடம் இல்லை. கண் இமை விழும், விழுங்க ஏலாது, கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும்.

கட்டுவிரியன் வேறு விதம். மழைக்காலத்தில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரை நடுச்சாமத்தில் கடிக்கும், பலருக்கு நோவே தெரியாது, கடித்த அடையாளமும் ஒழுங்காக இருக்காது. விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார், பார்த்தால் இமை விழுந்திருக்கும். இதன் நஞ்சு நரம்பு முனையையே அழிக்கிறது. முனை திரும்ப வளர வேண்டும், அதற்கு நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். விஷமுறிவு ஊசி குருதியில் ஓடுகிற நஞ்சைத்தான் பிடிக்கும், அழிந்த முனையைத் திருத்தாது. அதனால்தான் ஊசி போட்ட பிறகும் சிலரை வென்ரிலேற்றரில் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் "ஊசி வேலை செய்யேல்லை" என்று கோபப்படும்போது இதை விளங்கப்படுத்தத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்பது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசியுங்கள்.

மூன்றாவது, வயலுக்கு அடிக்கிற ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து. இது பிடிப்பது கோலினெஸ்ரரேஸ் நொதியத்தை. அதன் தாக்குமையத்தில் உள்ள செரீன் அமினோ அமிலத்தில் ஒட்டி நொதியத்தை முடக்கிவிடும். அசற்றைல்கோலின் வெட்டுப்படாமல் தேங்கும். வாயால் நீர் ஒழுகும், கண்மணி சுருங்கும், நெஞ்சு சளியால் நிரம்பும், இதயத்துடிப்புக் குறையும், தசை துடித்துத் துடித்துப் பிறகு சோர்ந்துவிடும். அற்றோப்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் சளியும் எச்சிலும் நிற்கும், இதயத்துடிப்பும் கூடும், தசைச் சோர்வு மட்டும் மாறாது. ஏன்? சுரப்பிகளிலும் இதயத்திலும் இருப்பது மஸ்கரினிக் வாங்கி, தசையில் இருப்பது நிக்கொற்றினிக் வாங்கி, அற்றோப்பின் முதலாவதைத்தான் தடுக்கும்.

மூன்றிலும் கடைசியில் ஆபத்து ஒன்றுதான், மூச்சு. பிரிமென்றகட்டுக்குப் போகிற பிரெனிக் நரம்பு கழுத்தில் மூன்றாம், நாலாம், ஐந்தாம் சேர்விக்கல் மட்டத்திலிருந்து வருகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடக்கிற தசைக்கு ஏன் கழுத்திலிருந்து நரம்பு? கருவில் அது கழுத்து மட்டத்தில் தொடங்கி, நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பாருங்கள், அனற்றமி, கருவியல், பிசியோலொஜி, பயோகெமிஸ்ற்றி, பார்மகொலொஜி எல்லாம் ஒரே சந்தியில் வந்து நின்றுவிட்டன.

கண்ணாடி விரியனையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம், குருதி உறைதல் படிக்கும்போது. அதன் நஞ்சு உறைதற் காரணி ஐந்தையும் பத்தையும் தூண்டிவிடுகிறது. உடம்புக்குள் உறைதல் தொடங்கி, உறைவுக்குத் தேவையான பைபிரினோஜன் புரதம் எல்லாம் செலவாகி, கடைசியில் உறைய ஒன்றும் மிச்சம் இல்லை, பல் முரசாலும் சிறுநீரிலும் இரத்தம் போகும். ஆஸ்பத்திரி வாட்டில் செய்கிற பரிசோதனை மிக எளிது: சுத்தமான காய்ந்த கண்ணாடி ரியூப்பில் கொஞ்சக் குருதி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பது. ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்ரிக் ரியூப் சரிவராது, ஏனென்றால் கண்ணாடியின் மேற்பரப்புத்தான் காரணி பன்னிரண்டைத் தூண்டி உறைதலைத் தொடக்கி வைக்கிறது. உறைதல் பாதையைப் படிக்கும்போது இந்த ரியூப்பை மனதில் வைத்துப் படியுங்கள், எந்தக் காரணி எங்கே வருகிறது என்று குழம்பாது.

ஆறாம் படி: சிறுநீரகம்

வவுனியாப் பக்கப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கதை. அனுராதபுரம், மதவாச்சி, பதவியா, வவுனியா என்று உலர்வலயம் நெடுகக் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, வயலில் நின்று பாடுபட்ட மனிதர், பரிசோதித்தால் குருதியில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக் கிடக்கும். வெப்பத்தில் உடல் நீர் இழப்பது, விவசாய இரசாயனங்கள், கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் என்று பலதும் சந்தேகிக்கப்படுகின்றன, ஒன்றும் முடிவாக நிறுவப்படவில்லை.

படிக்க வேண்டியது இதுதான். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் நெப்ரோன் (சிறுநீரை வடிக்கிற சிறு அலகு). இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளுக்கு 180 லீற்றர் அளவு வடிக்கின்றன, வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான், மிச்சம் எல்லாம் சிறுகுழாய்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இந்த நோயில் முதலில் அடிபடுவது வடிக்கிற கலன்கோளம் அல்ல, சிறுகுழாயும் அதைச் சுற்றிய இழையமும். அதனால் தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் பெரிதாகப் போகாது, உடம்பு வீங்காது, ஆள் நோயாளி என்று ஒருவருக்கும் தெரியாது. கலன்கோளத்தின் வேலை என்ன, சிறுகுழாயின் வேலை என்ன என்று பிரித்து அறிந்தவருக்கு இது உடனே விளங்கும்.

ஏழாம் படி: பயோகெமிஸ்ற்றியில் எதைப் பாடமாக்குவது

எல்லா அமைப்புச் சூத்திரத்தையும் பாடமாக்க வெளிக்கிட்டு மூச்சு முட்டுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு பாதைக்கும் நாலு விசயம் போதும்: கலத்தின் எந்தப் பகுதியில் நடக்கிறது, என்ன உள்ளே போய் என்ன வெளியே வருகிறது, எந்த நொதியம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, அது பழுதானால் ஆளுக்கு என்ன நடக்கும். குளுக்கோசு ஒன்று கிளைக்கோபகுப்பில் (குளுக்கோசை உடைக்கிற முதல் கட்டத்தில்) நிகரமாக 2 ஏரிபி (கலம் செலவழிக்கிற சக்தி மூலக்கூறு), ஒட்சிசனோடு முழுதாக எரிந்தால் 30 இலிருந்து 32. ஒட்சிசன் இல்லாவிட்டால் லக்ரேற்று. இந்த வித்தியாசம் விளங்கினால் அதிர்ச்சியில் கிடக்கிற நோயாளியின் குருதி ஏன் அமிலமாகிறது என்றும் விளங்கும். மிச்சத்தைத் திரும்பத் திரும்ப எழுதித்தான் பிடிக்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படிக்கிற முறை

தமிழில் ஏஎல் படித்துவிட்டுப் போகும்போது ஆங்கில விரிவுரை முதல் சில மாதம் காதைக் கடந்து போகும். விரிவுரைக்கு முதல் நாள் அந்தத் தலைப்பை உங்கள் ஏஎல் குறிப்பில் ஒரு தரம் தமிழில் வாசியுங்கள். கலம், சவ்வு, நொதியம், நரம்பு, சிறுநீரகம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. விளங்குவதைத் தமிழில் விளங்குங்கள், விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

திரும்பத் திரும்ப வாசித்துக் கோடு போடுவதால் பெரிய பயன் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். படித்த அன்று ஒருதரம், இரண்டு மூன்று நாள் விட்டு ஒருதரம், ஒரு கிழமை விட்டு ஒருதரம். நாலு பேர் சேர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்பது இன்னும் நல்லது, அதிலும் பேசாமல் இருக்கிற பிள்ளையை முதலில் கேளுங்கள். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) வாய் திறக்கத் தெரியாமல் புள்ளியை விடுகிறவர்கள் எங்கள் பக்கப் பிள்ளைகளில் கூட. "இந்த எலும்பைப் பற்றிச் சொல்லு" என்றால் பெயர், பக்கம், எப்படிப் பக்கம் கண்டுபிடித்தீர்கள், என்னென்ன ஒட்டுகிறது, முறிந்தால் எது பாதிக்கும், இந்த ஒழுங்கில் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். சரி பிழை வகைக் கேள்விகளில் பிழைக்குப் புள்ளி கழிக்கிற பீடங்கள் உண்டு, உங்கள் பீடத்தின் முறையை முதல் மாதமே சீனியர்களிடம் கேட்டு வையுங்கள். பழைய கேள்விகளையும் அப்போதே வாங்குங்கள், எந்த ஆழத்துக்குப் படிப்பது என்று அவைதான் காட்டும்.

காசு, இடம், தனிமை இவற்றால் படிப்பு இடறினால் ஒளிக்க வேண்டாம். மகாபொல உதவித்தொகை விண்ணப்பத்தை நேரத்துக்குக் கொடுங்கள், மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் பீடத்தில் இருப்பார், போய்க் கதையுங்கள்.

லீவில் ஊருக்கு வந்தால்

வந்த அன்றே "டொக்டர் வந்திட்டார்" என்று மருந்துத் துண்டோடு ஆட்கள் வருவார்கள். முதலாம் வருடத்தில் மருந்து சொல்ல உங்களுக்கு அறிவும் இல்லை, அனுமதியும் இல்லை. மரியாதையாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆனால் பாம்பு கடித்தது என்று யாரும் ஓடி வந்தால் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. கடித்த கை காலை அசையவிடாமல் வையுங்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கயிறு கட்ட விடாதீர்கள், வெட்டவும் உறிஞ்சவும் விடாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க ஆளனுப்புவது நேரத்தையும் இன்னொரு ஆளையும் ஆபத்தில் போடும், தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் அது போதும். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரப் பிந்துமென்றால் கிடைக்கிற வாகனத்தில் ஏற்றுங்கள். கடித்த நேரத்தையும், இமை விழத் தொடங்கிய நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி, கூடப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.